தவணையில் சொத்து விற்கிறீர்களா? பத்திரம் போடும் முன் இதைப் படியுங்கள்!

மொத்தம் 36 செக். தொகை 1 கோடியே 74 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்.

குஜராத் மாநிலம் சூரத் பகுதியில் தங்கள் விவசாய நிலத்தை விற்ற ஒரு குடும்பத்தின் கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்த கணக்கு இது. பத்திரம் பதிவான தேதி 2009 ஜூலை 2. ‘இதில் 6 செக்குக்கான பணம்தான், அதாவது 40 ஆயிரம் ரூபாய்தான் எங்களுக்கு வந்தது. மீதி 30 செக்கும் பொய்’ என்று சொல்லி, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு அந்தக் குடும்பம் 2014 டிசம்பரில் கோர்ட்டுக்குப் போனது. அதற்குள் அந்த நிலம் வேறு ஆட்களுக்கு 2 கோடியே 1 லட்சம் ரூபாய்க்குக் கைமாறியிருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலை 9-ம் தேதி வந்த தீர்ப்பு, சொத்து விற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று. ‘முழுப் பணமும் வரவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதற்காகக் கிரயப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது. பாக்கிப் பணத்தைக் கேட்டு வழக்குப் போட்டிருக்க வேண்டும். அதற்கும் காலம் கடந்துவிட்டது’ என்பதுதான் அதன் சாரம். சாட்சி விசாரணை வரைகூடப் போகாமல், ஆரம்பக் கட்டத்திலேயே அந்த வழக்கு முடிந்துபோனது.

சூரத் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். ‘பாதிப் பணம் இப்போ தர்றேன், மீதியை ஒன்றரை வருஷத்துல மாசாமாசம் தந்துடறேன். நம்ம ஆளுதானே!’ என்று சொல்லிச் சொத்து கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், தூரத்து உறவாக இருக்கலாம், பல வருடங்களாக அந்த வீட்டில் குடியிருக்கும் வாடகைதாரராகவும் இருக்கலாம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், இடையில் அவருக்கு வேலை போகலாம், உடல்நிலை கெடலாம். அப்போது உங்கள் பணத்தைக் காப்பாற்றப்போவது நீங்கள் எழுதி வாங்கிய காகிதம் மட்டும்தான்.

தவணையில் விற்பது தவறில்லை. சட்டம் அதை அனுமதிக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், ‘விலை கொடுக்கப்பட்டதாக இருக்கலாம், கொடுப்பதாக வாக்குறுதி தரப்பட்டதாக இருக்கலாம், பகுதி கொடுத்து, பகுதி வாக்குறுதியாகவும் இருக்கலாம்’ என்றே விற்பனைக்கு விளக்கம் தருகிறது. ஆபத்தும் இந்த வரியில்தான் இருக்கிறது. வாக்குறுதியை நம்பிப் பத்திரம் பதிவு செய்துகொடுத்தாலும் அது முழுமையான விற்பனைதான். சொத்து போய்விடும். உங்கள் கையில் மிஞ்சுவது பாக்கி வசூலிக்கும் உரிமை மட்டுமே.

முதலில் ஒரு கேள்வி: ஏன் தவணை?

வாங்குபவர் தவணை கேட்டால், ‘பேங்க் லோன் போட்டுக்கலாமே?’ என்று தயங்காமல் கேளுங்கள். அவருக்கு வங்கிக் கடன் கிடைத்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. பத்திரப்பதிவை ஒட்டி வங்கியே உங்கள் பெயருக்கு டி.டி. தந்துவிடும் அல்லது கணக்கில் போட்டுவிடும். மாதத் தவணை அவருக்கும் வங்கிக்கும் இடையிலான விஷயமாகிவிடும்.

வங்கி கடன் தரவில்லை என்றால், ஏன் தரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை, பத்திரத் தொடர்ச்சியில் இடைவெளி போன்ற காரணம் என்றால் பிரச்னை உங்கள் பக்கம். அதைச் சரிசெய்தால் வேறு நல்ல வாடிக்கையாளரே கிடைக்கலாம். அவருடைய வருமானமோ, பழைய கடன் பாக்கியோ காரணம் என்றால், வங்கியே யோசித்த ஒருவருக்கு நீங்கள் கடன் கொடுக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். தினக்கூலி, சிறுதொழில் என்று வருமானச் சான்று காட்ட முடியாத நேர்மையான மனிதர்களும் இதில் உண்டு. அவர்களுக்கு விற்பதில் தப்பே இல்லை. ஆனால், வங்கி எடுத்துக்கொள்ளும் அத்தனை பாதுகாப்பையும் நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கிக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தவணை கட்டாதவரின் அடமானச் சொத்தை, 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டத்தின்படி வழக்குப் போடாமலேயே வங்கி எடுத்து ஏலம் விடலாம். தனிநபருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் முன்யோசனை வங்கியைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

இரண்டு வழிகள்

தவணை விற்பனையை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, முதலில் விற்பனை ஒப்பந்தம் மட்டும் போட்டு, கடைசித் தவணை வந்த பிறகு கிரயப் பத்திரம் எழுதிக்கொடுப்பது. இரண்டாவது, இப்போதே கிரயப் பத்திரம் கொடுத்துவிட்டு, பாக்கிக்கு அதே சொத்தை உங்களிடம் அடமானமாக எழுதி வாங்குவது.

விற்பவருக்கு முதல் வழியே அதிகப் பாதுகாப்பு. தவிர்க்கவே முடியாவிட்டால் மட்டும் இரண்டாவதுக்குப் போங்கள். மூன்றாவதாக ஊரில் நடக்கும் ஒரு வழி உண்டு. பத்திரத்தைப் பதிவு செய்துகொடுத்துவிட்டு, பாக்கிக்கு ஒரு புரோ நோட்டோ, வெள்ளைத்தாளில் கையெழுத்தோ வாங்கிக்கொள்வது. இதைத்தான் செய்யவே கூடாது.

வழி 1: ஒப்பந்தம் முதலில், பத்திரம் கடைசியில்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சொத்து விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 20 ரூபாய் பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் இவையெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும்.

• மொத்த விலை, இன்று பெற்ற தொகை, பாக்கி. ஒவ்வொரு தவணையின் தேதியும் தொகையும் அட்டவணையாக. ‘18 மாதங்களுக்குள் தருவார்’ என்று பொதுவாக எழுதினால், 18-வது மாதம் முடியும்வரை நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

• ‘காலக்கெடு இந்த ஒப்பந்தத்தின் முக்கிய அம்சம்’ என்ற வாசகம். சொத்து விற்பனையில் காலக்கெடு முக்கியம் என்று நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்வதில்லை. எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

• எத்தனை தவணை தவறினால் ஒப்பந்தம் முறியும், அதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ் என்பது.

• முறிந்தால் வாங்கிய பணத்தில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது. இதில் கவனம் தேவை. வாங்கிய எல்லாப் பணத்தையும் ‘அட்வான்ஸ் போச்சு’ என்று நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்கு உறுதிப்பணமாகக் கொடுத்ததைத்தான் பறிமுதல் செய்யலாம். விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்த முன்தொகையைப் பறிமுதல் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எது உறுதிப்பணம், எது விலையின் பகுதி என்று பிரித்து எழுதுங்கள். நியாயமான அளவில் எழுதுங்கள். அநியாயமான தொகை கோர்ட்டில் நிற்காது.

• முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், இடையில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தால் ஏற்படும் கூடுதல் செலவு ஆகியவற்றை யார் ஏற்பது. கிரயப் பத்திரத்துக்கு 7 சதவிகித முத்திரைத் தீர்வையும் 2 சதவிகிதப் பதிவுக் கட்டணமும் உண்டு. 40 லட்ச ரூபாய் சொத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். ‘யாரு கட்டறது?’ என்று கடைசி நாளில் பேசினால் தகராறுதான்.

• இடையில் உங்களுக்கோ அவருக்கோ ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்ற ஷரத்து. வாரிசுகளில் யாரிடம், எந்தக் கணக்கில் தவணை செலுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாவியைக் கொடுக்காதீர்கள்

பாதிப் பணம் வந்ததுமே, ‘நல்ல நாள் பார்த்திருக்கோம், பால் காய்ச்சிக் குடி வந்துடறோம்’ என்பார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதிவான ஒப்பந்தத்தின்படி சொத்தைச் சுவாதீனம் எடுத்து, தன் பங்குக் கடமையைச் செய்துவரும் வாங்குபவரை விற்பவர் வெளியேற்ற முடியாதபடி சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு பாதுகாக்கிறது. அவர் தவணை தவறிய பிறகும், ‘நான் தரத் தயாராகத்தான் இருந்தேன்’ என்று வாதாட அந்தச் சுவாதீனமே அவருக்குத் தெம்பு.

வருமான வரிப்படியும் சிக்கல் உண்டு. இப்படிச் சுவாதீனம் கொடுத்தாலே சொத்து மாறிவிட்டதாக வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் முழுசாக வரும் முன்பே வரி கட்ட வேண்டியிருக்கும்.

அவர் குடிவந்தே ஆக வேண்டும் என்றால், தனியாக வாடகை ஒப்பந்தம் போட்டு, வாடகைதாரராகக் குடிவைக்கலாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி அதையும் எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ‘குடியிருப்பது வாடகைதாரர் என்ற முறையில் மட்டுமே, விற்பனை ஒப்பந்தத்தின்படி அல்ல’ என்று இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

பவர் எழுதிக் கொடுக்காதீர்கள்

‘தவணை முடியறப்ப நீங்க அலைய வேண்டாம், ஒரு பவர் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க’ என்று வாங்குபவரோ, புரோக்கரோ கேட்டால் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். விற்கும் அதிகாரம் கொண்ட பொது அதிகாரப் பத்திரம் கையில் இருந்தால், உங்கள் ஏஜென்ட் என்ற முறையில் அவர் நாளைக்கே இன்னொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிடலாம். நீங்கள் பாக்கியையும் தேட வேண்டும், புதிதாக வாங்கியவருடனும் மோத வேண்டும். பவர் மூலமாக மட்டும் சொத்தின் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே, நேர்மையாக வாங்குபவருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை.

அதேபோல, கிரயப் பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம். மூலப் பத்திரங்களும் கடைசித் தவணைவரை உங்களிடமே இருக்கட்டும். வாங்குபவருக்கு நகல் போதும்.

வழி 2: இப்போதே பத்திரம், கூடவே அடமானம்

சில நேரம் பத்திரத்தை முதலிலேயே கொடுக்க வேண்டிய நிலை வரும். வாங்குபவர் வீடு கட்டத் தொடங்க வேண்டும், அதற்குத் திட்ட அனுமதி அவர் பெயரில் வேண்டும் என்பார். அப்போது பத்திரத்தின் வாசகம்தான் உயிர்.

நம் பத்திரங்களில் வழக்கமாக வரும் வரி, ‘கிரயத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டு இந்தச் சொத்தைச் சுவாதீனம் செய்துகொடுத்தேன்’ என்பது. பத்திர எழுத்தர் பழைய மாதிரியை அப்படியே எடுத்து அடிக்கும்போது இந்த வரியும் வந்து உட்கார்ந்துவிடும். அதன் கீழே கையெழுத்தும் விரல் ரேகையும் வைத்துவிட்டுப் பிறகு ‘பணம் வரவில்லை’ என்று நிரூபிப்பது மிகவும் கடினம். சூரத் வழக்கிலும் பத்திரத்தில் இருந்த இப்படியொரு ஒப்புதல்தான் விற்றவர்களுக்கு எதிராக நின்றது.

அதற்குப் பதில் உண்மையை எழுதுங்கள். உதாரணமாக: ‘கிரயத் தொகை ரூ.40 லட்சத்தில் ரூ.15 லட்சத்தை இன்று வங்கி மூலம் பெற்றுக்கொண்டேன். பாக்கி ரூ.25 லட்சத்தைக் கீழ்க்கண்ட அட்டவணைப்படி வாங்குபவர் செலுத்த வேண்டும். அது முழுவதும் செலுத்தப்படும்வரை அந்தத் தொகைக்கும் வட்டிக்கும் இந்தச் சொத்து பொறுப்பாக இருக்கும்.’

இந்த ஒரு பத்தியால் என்ன லாபம்? சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விலை பாக்கி உள்ள விற்பனையாளருக்கு அந்தச் சொத்தின் மீதே ஓர் உரிமை தருகிறது. வாங்கியவர் அதை வேறொருவருக்கு விற்றாலும், பாக்கி இருப்பது தெரிந்து வாங்கியவரை அது தொடரும். பதிவான பத்திரத்திலேயே பாக்கி எழுதப்பட்டிருந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்று அடுத்தவர் தப்பிக்க முடியாது. எழுதாமல் விட்டால், விஷயம் தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரிடம் அந்த உரிமை செல்லாது.

இதோடு நிறுத்தாமல், கிரயப் பத்திரம் பதிவாகும் அதே நாளில், அடுத்த ஆவணமாக, வாங்குபவர் உங்களுக்கு அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரட்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். இது வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும். பிறகு அவர் இன்னொரு இடத்தில் கடன் வாங்கினாலும், முதலில் பதிவான உங்கள் அடமானத்துக்குத்தான் முன்னுரிமை. அதற்கும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் உண்டு. சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்க இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்.

உரிமை மாறும் நேரத்தையும் வாசகத்தால் தள்ளிவைக்க முடியும். பணம் கொடுத்த பிறகுதான் உரிமை மாற வேண்டும் என்பது இருவரின் எண்ணமாக இருந்தால், பத்திரம் பதிவானாலும் உரிமை மாறாது என்று 2009-ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2020 தீர்ப்பும் 2009 தீர்ப்பும் முரண்படுவதுபோலத் தோன்றும். வித்தியாசம் பத்திர வாசகத்திலும் நடந்த விதத்திலும்தான் இருக்கிறது. எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளாமல் காகிதத்தில் வையுங்கள்.

வட்டி கேட்கத் தயங்க வேண்டாம்

மேலே சொன்ன 40 லட்ச ரூபாய் மனையையே எடுத்துக்கொள்வோம். 15 லட்சம் கையில். பாக்கி 25 லட்சம், மாதம் 1 லட்சம் வீதம் 25 மாதம். வட்டி இல்லை என்று பேசி முடித்தால் என்ன ஆகும்? அதே பணம் 7 சதவிகித வட்டியில் வங்கியில் இருந்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் ரூபாயை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

குறையும் பாக்கிக்கு 9 சதவிகிதம் வட்டி பேசினால், முதல் மாத வட்டி 18,750 ரூபாய். கடைசி மாதம் வெறும் 750 ரூபாய். மொத்தம் 2 லட்சத்து 43 ஆயிரத்து 750 ரூபாய். வாங்குபவருக்கும் இது பெரிய சுமை இல்லை. வட்டி வேண்டாம் என்றால், விலையில் அதைச் சேர்த்துப் பேசுங்கள். எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். கைக்கு வரும் வட்டி உங்கள் வருமானம். அதற்கும் வரி உண்டு.

பணம் வங்கி வழியாக மட்டும்

சொத்து விற்பனைக்காக 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், பணம் வாங்கிய உங்களுக்குத்தான் விதிக்கப்படும். வரியைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. ‘போன தீபாவளிக்குக் கையில கொடுத்தேனே’ என்ற வாய்த்தகராறுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்றே பதில்.

ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். அதில் இதுவரை வந்தது, இனி வர வேண்டியது இரண்டையும் எழுதி, அவருடைய கையெழுத்தும் வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியிட்ட செக்குகளை முன்கூட்டியே வாங்குவது நல்லது. செக் மூன்று மாதம்தான் செல்லும். தேதி வந்ததும் வங்கியில் போட்டுவிடுங்கள். ‘இந்த மாசம் போடாதீங்க’ என்ற போன் பேச்சை நம்பி வைத்திருந்தால் செக் காகிதமாகிவிடும். பணமில்லாமல் திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டுகள்வரை சிறையோ, செக் தொகையைப்போல இரு மடங்குவரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வருமானம் நிலையாக உள்ள ஒருவரை ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்வதும் நல்ல பாதுகாப்பு.

பணம் தவணையில், வரி மொத்தமாக!

விற்பவர்களில் பலருக்குத் தெரியாத அதிர்ச்சி இது. பத்திரம் பதிவான ஆண்டிலேயே மூலதன ஆதாயம் முழுமைக்கும் வரி கணக்கிடப்படும். தவணைப் பணம் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் வரும் என்பது கணக்கில் வராது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு, மனைக்கு இப்போது நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவிகிதம். 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய சொத்து என்றால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவிகிதம் என்ற பழைய கணக்கையும் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டும் வசதி இங்கே வசிப்பவர்களுக்கு உண்டு. கிராமப்புற விவசாய நிலத்துக்கு விதி வேறு.

அதனால், வழி 2-ல் போகிறவர்கள் முதல் தொகை வரிக்கும் சேர்த்துப் போதுமானதாக இருக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். வேறு வீடு வாங்கி வரிவிலக்குப் பெறலாம் என்று திட்டமிட்டால், விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்க வேண்டும், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்குள் உங்கள் கையில் பணம் வந்திருக்குமா என்றும் பாருங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் போடும் முன் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தவணை தவறினால்?

முதல் தவணை தவறும்போதே பேசுங்கள், கூடவே எழுதுங்கள். பேசி முடித்ததை வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவையுங்கள். இரண்டாவது தவணையும் தவறினால் வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் நோட்டீஸ். ‘பாவம், கஷ்டப்படறான்’ என்று கூடுதல் அவகாசம் கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் புதிய தேதிகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

காலக்கெடு உங்களுக்கும் உண்டு. பாக்கி விலையை வாங்கியவரிடம் நேரடியாகக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான். சொத்தின் மீதான பொறுப்பு அல்லது அடமானத்தை வைத்து வசூலிக்க 12 ஆண்டுகள். அடமானம் ஏன் அவசியம் என்பதற்கு இந்த 3-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசமே போதும். சூரத் குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கோர்ட்டுக்குப் போனது.

பதிவான கிரயப் பத்திரத்தை நீங்கள் மட்டும் போய் ரத்து செய்துவிட முடியாது. பதிவான ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் அவருடைய கையெழுத்து வேண்டியிருக்கும். அவர் வராவிட்டால் கோர்ட்தான். அந்தப் பதிவு வில்லங்கத்தில் இருக்கும்வரை வேறு ஆள் வாங்க யோசிப்பார். அதனால்தான், தவணைக் காலத்தை நீட்டாமல், முதல் தொகையை முடிந்தவரை பெரிதாக வாங்குங்கள் என்று சொல்வது. நிறையப் பணம் போட்டவர் பாதியில் விட்டுப் போக மாட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. வாங்குபவர் ஒழுங்காகக் கட்டிவரும்போது, மனை விலை ஏறிவிட்டது என்று நீங்கள் பின்வாங்க முடியாது. 2018-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அவர் கோர்ட் மூலமாகவே பத்திரம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

வழக்குச் செலவுக்குப் பயந்து யாரும் சும்மா இருக்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

‘நம்ம ஆளுகிட்ட எப்படிக் கேக்கறது?’

இதையெல்லாம் கேட்டால் சொந்தக்காரர் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் பலருக்கு வரும். வயதான அம்மாவோ, கணவரை இழந்த அத்தையோ விற்கும்போது, ‘வீட்டுக்குள்ளதானே’ என்ற பேச்சிலேயே எல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலும் அந்த மனையோ வீடோதான் அவர்களுடைய கடைசிச் சேமிப்பாக இருக்கும். மகளின் கல்யாணமோ, மருத்துவச் செலவோ அதை நம்பித்தான் இருக்கும்.

எழுத்தில் போடுவது வாங்குபவருக்கும் பாதுகாப்பு. அவர் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அதில் கணக்கு இருக்கும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள், ‘அப்பா விற்கவே இல்லையே’ என்று கிளம்ப முடியாது. இதை இப்படியே அவரிடம் சொல்லுங்கள். நேர்மையாக வாங்க வந்தவர் ஒப்புக்கொள்வார். எழுத்து என்றதும் கோபப்படுகிறவரிடம் விற்காமல் இருப்பதே மேல்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சரிபார்ப்பு

1. பத்திர வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்தீர்களா? படிக்கச் சிரமம் என்றால், உங்கள் பக்கத்து ஆள் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னீர்களா?

2. ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி எங்காவது இருக்கிறதா? வந்த தொகை மட்டும் எழுதப்பட்டிருக்கிறதா?

3. இன்றைய தொகை உங்கள் கணக்கில் ஏறிவிட்டதா? செக் என்றால் பணமாகிவிட்டதா?

4. தவணை அட்டவணை, வட்டி, தவறினால் என்ன என்ற மூன்றும் இருக்கின்றனவா?

5. மூலப் பத்திரமும் வீட்டுச் சாவியும் யாரிடம்? பவர் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

6. பத்திரம் இப்போதே என்றால், அடமானப் பத்திரமும் அன்றே பதிவாகிறதா?

7. வக்கீல் உங்களுக்காகப் பார்க்கிறவரா, அவர் கூட்டிவந்தவரா?

8. பதிவு முடிந்த சில நாள்களில், டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, உங்கள் ஒப்பந்தமோ அடமானமோ ஏறியிருக்கிறதா என்று பார்ப்பீர்களா?

கடைசித் தவணை வந்த அன்று உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் தாமதிக்காமல் கிரயப் பத்திரம் எழுதிக்கொடுங்கள். அடமானம் என்றால் ரத்து ரசீதைப் பதிவு செய்துகொடுங்கள். மூலப் பத்திரங்களை ஒன்றுவிடாமல் எண்ணி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுத வேண்டிய நாள் அதுதான்.